வெல்ல அடையும் என் கையும்

மறையூரில் கரும்பாலை வைத்து வெல்லம் காய்ச்சும் குடும்பம் எங்களுடையது. பள்ளிப் பெற்றோர் கூட்டத்தில், மதியச் சாப்பாட்டில் இனிப்பு கூடாது என்ற விதிக்கு முதலில் கை தூக்கியவள் நான்தான். கடை மிட்டாயை மட்டுமே நினைத்தேன். வெல்லத்தை இனிப்பு என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை.

மறுவாரம், நான்காம் வகுப்பில் படிக்கும் என் மகளின் டப்பாவில் வெல்லம் போட்ட ராகி அடை இருந்தது. ஆசிரியை அதை வகுப்பு முழுக்கத் தூக்கிக் காட்டி, "இதத் தின்னா இடுப்பு எப்படிக் குறையும்?" என்றிருக்கிறார். பிள்ளைகள் சிரித்திருக்கிறார்கள். அதன்பின் மூன்று நாள் மகள் சாப்பாட்டைப் பள்ளிக்குப் போகும் வழியிலேயே நாய்க்குக் கொட்டியிருக்கிறாள். நான்காம் நாள் விளையாட்டு நேரத்தில் மயங்கி விழுந்தாள்.

பள்ளிக்கு ஓடினேன். "நீங்களும் கை தூக்குன விதிதானேம்மா?" என்றார் ஆசிரியை.

"டப்பாவுக்குத்தான் டீச்சர் தூக்குனேன். எம்பிள்ள இடுப்ப ஊரே பாக்குறதுக்கு இல்ல!"

மகளின் எடையைப் பற்றிய கவலை எனக்கும் உண்டு. அதை ஆசிரியை என்னிடம் தனியாகச் சொல்லியிருக்கலாமே. இன்று காலை மகள் தோசையைப் பாதியாகப் பிய்த்து ஒதுக்கிவிட்டு, "இவ்ளோ தின்னா சிரிப்பாங்களாம்மா?" என்று கேட்டாள்.

அடுத்த கூட்டத்திலும் முதலில் கை தூக்கப்போவது நான்தான். பிள்ளைகளின் டப்பாவை வகுப்பில் யாரும் தூக்கிக் காட்டக் கூடாது என்பதற்காக.