பின்பக்கத் தராசு

எனக்கு ஒன்பது வயதாக இருந்தபோது மாமி பத்துக் கிலோ குறைக்க வேண்டியிருந்தது. அதற்காக நான் விடிய ஐந்து மணிக்கு எழும்ப வேண்டியிருந்தது. இந்த இரண்டுக்கும் என்ன தொடர்பு என்பதை யாரும் எனக்கு ஒழுங்காக விளங்கப்படுத்தவில்லை என்பதுதான் அன்றைய என் முறைப்பாடு.

மாமி என்றால் அப்பாவின் தங்கை. இருவரும் சல்லி என்கிற கடற்கரை ஊரில் ஒரு மீன்பிடிக் குடும்பத்தில் பிறந்தவர்கள். மாமி கலியாணம் கட்டவில்லை. கச்சேரியில் அரசாங்க வேலை பார்த்துக்கொண்டு திருகோணமலை டவுனில் எங்களோடுதான் இருந்தார். அப்பாவுக்கு இரண்டு சிறுநீரகமும் பழுதாகி, திங்களும் வியாழனும் ஆஸ்பத்திரிக்குப் போய் மெஷினில் இரத்தம் சுத்தம் செய்துகொண்டு வருவார். மாமி தன்னுடைய ஒன்றைக் கொடுப்பதென்று முடிவாகியிருந்தது. கண்டியில் பார்த்த டாக்டர், எல்லாம் பொருந்துகிறது, ஆனால் எண்பத்துநாலு கிலோவோடு ஒப்பரேஷன் செய்ய முடியாது, எழுபத்துநாலுக்கு இறங்கி வாருங்கள் என்று நான்கு மாதத் தவணை கொடுத்து அனுப்பியிருந்தார். இதெல்லாம் எனக்குப் பிறகு தெரிந்த கதை. அப்போது எனக்குச் சொல்லப்பட்டது, அப்பாவுக்கு வயிற்றில் கோளாறு, மாமி உடம்புக்கு நல்லதென்று நடக்கிறார், அவ்வளவுதான்.

இருட்டு விலகாத நேரத்தில் ஒரு பெண் தனியே நடந்தால் ஊர் நாலு விதமாகக் கதைக்கும். கூட ஒரு பிள்ளை நடந்தால் ஒரு விதமாகத்தான் கதைக்கும். அந்தப் பிள்ளை நான். மாமிக்கு எங்கேயோ கலியாணம் சரிவந்துவிட்டது, அதுதான் உடம்பைக் குறைக்கிறார் என்பது அந்த ஒரு விதம். மாமி மறுக்கவில்லை. நானும் கலியாணச் சாப்பாட்டை நினைத்துக்கொண்டு நடந்தேன்.

உட்துறைமுக வீதியால் போய், தண்ணீர் ஓரமாகத் திரும்பி வருவோம். புல்வெளியில் படுத்திருக்கும் மான்கள் எங்களைக் கண்டு எழும்புவதை முதல் கிழமையோடு விட்டுவிட்டன. நினைத்துப் பார்த்தால், மாமியைப்போல நடக்க விருப்பமில்லாத ஒருவரை நான் கண்டதில்லை. சாட்டுச் சொல்லிப் படுத்துவிடக் கூடாதென்று நடக்கிற உடுப்போடேயே நித்திரை கொள்வார். மீன் வைத்த மாலுபாண் வேகிற பேக்கரிக்கு முன்னால் வந்ததும் வீதியைக் கடந்து மற்றப் பக்கம் போய்விடுவார். மணம் மட்டும் எங்களோடு வீதியைக் கடந்து வரும்.

எங்கள் வீட்டில் தராசு இல்லை. பாமசியில் ஏறி நிற்கவும் மாமிக்கு வெட்கம், அங்கே நிற்பவர்கள் எல்லாரும் முள்ளை எட்டிப் பார்ப்பார்கள். ஆகவே ஞாயிற்றுக்கிழமை நடை முடிந்து வரும்போது மாமாவின் கருவாட்டுக் கடையில் மூட்டை நிறுக்கிற மேடைத் தராசில் ஏறுவார். மாமா அம்மாவின் அண்ணன். அவரிடம் இரண்டு தராசு இருந்தது. முன்பக்கம் இருந்தது விற்பதற்கு, அது சரியாகக் காட்டும், மாமி ஏறுவது அதில்தான். பின்பக்கம் இருந்தது, குச்சவெளிப் பக்கத்திலிருந்து வருகிற மூட்டைகளை நிறுத்து வாங்குவதற்கு. பின்பக்கத் தராசு சரியாக மூன்று கிலோ குறைத்துக் காட்டும். லீவு நாட்களில் அந்தக் கடையில் விளையாடித் திரிந்த எனக்கு இது நன்றாகத் தெரியும். ஈரத்துக்கும் மண்ணுக்கும் கழிக்கத்தானே வேணும் என்று மாமா ஒருமுறை என்னிடம் சொல்லியிருந்தார். அதை வெளியில் சொல்ல வேண்டாம் என்று அவர் சொல்லவில்லை, கையில் இரண்டு டொபி தந்தார்.

முதல் மாதத்தில் மாமி மூன்று கிலோ இறங்கினார். பிறகு எண்பத்தொன்றில் முள் ஒட்டிக்கொண்டது. ஒரு ஞாயிறு, இரண்டு ஞாயிறு, மூன்று ஞாயிறு. அப்பா சாய்மனைக் கதிரையில் இருந்தபடி, "இண்டைக்கு எவ்வளவு?" என்று கேட்பார். மாமி சொல்லுவார். மூன்றாம் தரம் எண்பத்தொன்று என்று கேட்டதும் அப்பா உள்ளே போய்ச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். அடுத்த நாள் ஆஸ்பத்திரிக்குப் போகமாட்டேன் என்று ஒரே பிடிவாதம். அம்மா அழுதுதான் அவரை ஓட்டோவில் ஏற்றினார்.

நாலாவது ஞாயிறு முன்பக்கத் தராசில் லொறிக்கு ஏற்ற மூட்டை அடுக்கியிருந்தது. இறக்கட்டும், நிற்போம் என்றார் மாமி. எனக்குப் பசி. இந்த நடை என்றைக்கு முடியும், நான் என்றைக்கு நித்திரை கொள்வது என்ற கவலை அதைவிடப் பெரிது.

"பின்னால ஒண்டு இருக்கு மாமி. அதில ஏறுங்கோவன்," என்றேன்.

முள் எழுபத்தெட்டில் போய் நின்றது. மாமி இறங்கி, செருப்பைக் கழற்றிவிட்டுத் திரும்ப ஏறிப் பார்த்தார். அதே எழுபத்தெட்டு. நான் மாமாவைப் பார்த்தேன். மாமா என்னைப் பார்த்தார். வாயைத் திறந்தால் அவருடைய வியாபாரம் சந்திக்கு வரும், திறக்காவிட்டால் தங்கையின் புருஷன் என்ன ஆவது? மாமா பிடரியைச் சொறிந்துகொண்டு, "நடை வேலை செய்யுது போல," என்றார்.

அன்று வீட்டில் ஒரு சின்னத் திருவிழா. அப்பா இரண்டு தரம் இலக்கத்தைக் கேட்டார். திங்கட்கிழமை யாரும் கூப்பிட முன்னமே சேட்டைப் போட்டுக்கொண்டு வாசலில் நின்றார். அதற்குப் பிறகு மாமி முன்பக்கத் தராசைத் திரும்பியும் பார்க்கவில்லை. எழுபத்தேழு, எழுபத்தாறு என்று இறங்கி, தவணை முடிகிற கிழமை எழுபத்துநாலு ஆனது. அப்பா, அம்மா, மாமி மூவரும் கண்டிக்குப் போனார்கள். என்னை மாமாவின் வீட்டில் விட்டார்கள்.

ஆஸ்பத்திரித் தராசு எழுபத்தேழு என்றது. இன்னும் ஆறு கிழமை கழித்து வாருங்கள் என்று திருப்பி அனுப்பிவிட்டார்கள். மாமாவுக்குப் போன் வந்தபோது நான் பக்கத்தில்தான் இருந்தேன். அம்மாவின் அழுகை எனக்கே கேட்டது. அப்போதுதான் எல்லாவற்றையும் மாமா எனக்குச் சொன்னார், அப்பாவின் சிறுநீரக வருத்தத்தை, மாமி கொடுக்கப்போவதை, எல்லாவற்றையும். நித்திரைக்கு ஆசைப்பட்டு அப்பாவைக் கொல்லப் பார்த்தேன் என்றுதான் நினைத்தேன். அதை யாரிடமும் சொல்லும் தைரியம் எனக்கு இல்லை.

வீட்டுக்கு வந்த மாமி தராசைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. மறுநாள் ஐந்து மணிக்கு என்னை எழுப்பினார், நான் ஒரே தரத்தில் எழும்பினேன். படலையைத் திறந்தால் வெளியே புதுக் கன்வஸ் சப்பாத்தோடு மாமா நின்றார். ஆறு கிழமையும் தன் வண்டி வயிற்றைத் தூக்கிக்கொண்டு, மூச்சு வாங்க வாங்க எங்களுக்குப் பின்னால் நடந்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் முன்பக்கத் தராசைத் தானே துடைத்துவிட்டார். மாமி அதில் எழுபத்துநாலைத் தொட்டார், ஒப்பரேஷன் நடந்தது, அப்பா பிழைத்தார். மாமா திருந்திவிட்டார் என்று எழுத எனக்கும் ஆசைதான். பின்பக்கத் தராசு இன்றைக்கும் மூன்று கிலோ குறைத்துத்தான் காட்டுகிறது.

போன மாதம் லீவில் வீட்டுக்குப் போனபோது அதே வீதியில் நடந்தோம். அப்பா எங்களுக்கு இருபதடி முன்னால் கையை வீசிக்கொண்டு போனார். இத்தனை வருடம் தொண்டைக்குள் இருந்ததை மாமியிடம் சொன்னேன். அந்தத் தராசு பொய் என்று எனக்கு அப்போதே தெரியும் என்றேன்.

மாமி நடையைக் குறைக்கவில்லை. "எனக்குத் தெரியாதோ? சல்லியில எங்கட அப்பா எத்தினை வருசம் மீனை அந்த மாதிரித் தராசுகளில நிறுத்துக் குடுத்தவர். ஏறின உடனேயே விளங்கீட்டுது."

"பிறகேன் அதிலயே ஏறினனீங்கள்?"

"நாலாந்தரமும் எண்பத்தொண்டு எண்டு அண்ணனிட்டப் போய்ச் சொல்ல என்னால ஏலாமல் போச்சு. நான் எப்படியும் நடந்திருப்பன். திங்கக்கிழமை ஆஸ்பத்திரிக்கு அவரை எழுப்பிறதுதான் பெரிய பாடு. மெல்லக் கதை, அவருக்கு இண்டைக்கும் தெரியாது."

ஒன்பது வயதில் நான் முள்ளை மட்டும்தான் பார்த்தேன். அந்த இலக்கத்தை ஒவ்வொரு ஞாயிறும் மாமி யாரிடம் கொண்டுபோய்க் கொடுத்தார் என்பதை, அதே வீட்டுக்குள் இருந்துகொண்டே, நான் பார்க்கவில்லை.