அப்பா எடை போட்ட குப்பி

தெர்மாகோல் பெட்டியைத் திறக்கும்போது ஒரு 'க்ரீச்' வருமே... அதைக் கேட்டால் எனக்கு இன்றைக்கும் அப்பாவின் தராசுதான் ஞாபகம் வரும்.

இரண்டாயிரத்து மூன்றோ நான்கோ. வேலூரில் ஒரு காலேஜ் லேபில் புராஜெக்ட் அசிஸ்டெண்டாக இருந்தேன். தினமும் ஆரணியிலிருந்து பஸ். அங்கே ஷகிலா அக்கா பிஎச்.டி.யில் ஆறாவது வருடம். தோல் செல்களை வளர்த்து, காயம் எப்படி ஆறுகிறது என்று பார்க்கிற வேலை.

அதற்கு ஒரு க்ரோத் ஃபேக்டர் வேண்டும். செல்களை வளரத் தூண்டும், நம் உடம்பில் இருக்கிற புரோட்டீன்தான். அதன் ஜீனை பாக்டீரியாவுக்குள் வைத்துத் தயாரித்து, உலர்த்தி, சுண்டுவிரல் அளவு குப்பியில், ஐஸ் வைத்த தெர்மாகோல் பெட்டிக்குள் அனுப்புவார்கள். அக்காவின் கடைசி சோதனைக்கு ஒரே ஒரு குப்பி. வெளிநாட்டிலிருந்து வர மூன்று மாதம் ஆனது. அது கெட்டால் அக்காவின் ஆறு வருடமும் போச்சு.

வந்து சேர்ந்ததோ பொங்கல் லீவில். காலேஜ் ஆபீஸ் பூட்டு, பார்சல் வாங்க ஆள் இல்லை.

"உங்க வீட்ல எந்நேரமும் தறி ஓடும், யாராவது இருப்பாங்க இல்ல?" என்று அக்கா எங்கள் ஆரணி விலாசத்தைக் கொடுத்துவிட்டார்.

இருந்தார்... எங்கப்பா.

எங்கள் தெருவில் எதையும் எடை போடாமல் வாங்க மாட்டார்கள். பட்டும் சரிகையும் எடை போட்டு வரும், சேலையாகி எடை போட்டுப் போகும். குறைந்தால் பதில் சொல்ல வேண்டும். அப்பாவுக்கு அது ஊறிப்போன பழக்கம்.

நான் தலைக்குக் குளித்துவிட்டு வருகிறேன், வாசலில் கூரியர்காரரோடு ஒரே சத்தம். அப்பா கையில் சரிகைத் தராசு. குப்பியைத் திறந்து, தட்டில் கவிழ்த்துத் தட்டிக்கொண்டிருக்கிறார்!

"இன்னா தம்பி, காலி பாட்டில எங்க தலையில கட்டப் பாக்கிறியா? முள்ளு அசையவே இல்ல பாரு!"

"ஐயா, உள்ள இன்னா கீதுன்னு எனக்கின்னா தெரியும்? ஜல்தியா கையெழுத்து போடுங்க..." கூரியர்காரர் அழாத குறை.

"அப்பா! இன்னாப்பா பண்ணிகினு கீற? ஒரு கிராமை லட்சம் பங்கு போட்டா ஒரு பங்குதான் அதுல இருக்கும். கண்ணுக்கே தெரியாது!"

அப்பா தராசைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். முகம் செத்துப்போனது.

"நீ ஏமாந்துடக் கூடாதுன்னுதாம்மா..."

எனக்கு ஆத்திரமும் அழுகையும் சேர்ந்து வந்தன. அக்காவுக்கு போன் போட்டேன். நடந்ததைச் சொன்னேன்.

"மூடி போட்டு ஐஸோட எடுத்துகினு வா. அடியிலயே ஒட்டிகினு இருந்தா பொழச்சோம்."

நான் கிளம்பினேன். அப்பாவும் சட்டையை மாட்டிக்கொண்டார். தராசின் பித்தளைத் தட்டைக் கழற்றி, மேலே பிளாஸ்டிக் கவர் போட்டு, இரண்டு கையிலும் ஏந்திக்கொண்டார். "இதுலயும் விழுந்திருக்கும் இல்ல?"

வேலூர் வரைக்கும் அதை அசைய விடவில்லை. கண்ணமங்கலத்தில் கரும்போடு ஏறிய ஒருவர் இடிக்கப் பார்க்க, "பாத்துப்பா, மருந்து கீது!" என்றார். அவர் தட்டை எட்டிப் பார்த்தார். ஒன்றும் இல்லை. கண்டக்டரும் பார்த்தார். டிக்கெட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்.

அக்கா ஒரு வார்த்தை திட்டவில்லை. குப்பியைச் சுழற்றும் மெஷினில் போட்டார். கரைசலை விட்டு, மூடியின் உட்புறத்தைக்கூட அலசி எடுத்தார். பிறகு அப்பாவிடம் திரும்பி, "தட்ட குடுங்கப்பா" என்றார். அதையும் நிதானமாக அலசி, தனி ட்யூபில் பிடித்து, பெயர் எழுதி ஃப்ரீசரில் வைத்தார். அப்பா அப்போதுதான் உட்கார்ந்தார்.

அடுத்த வாரம், குப்பியில் அலசி எடுத்ததை விட்ட செல்களை மைக்ரோஸ்கோப்பில் பார்த்தோம். காயம் மாதிரி கீறிவிட்ட இடத்தைச் செல்கள் வளர்ந்து மூடியிருந்தன. அக்கா என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு அழுதார்.

இப்போது நான் பெங்களூரில். அதே குப்பி ஆர்டர் போட்டால் இரண்டாம் நாள் மேஜைக்கு வருகிறது. கை தவறினால் இன்னொன்று. அதற்காக யாரும் பஸ் ஏறுவதில்லை...

போன மாதம் அக்காவிடம் கேட்டேன், அந்தத் தட்டு ட்யூப் என்ன ஆச்சு என்று. சிரித்தார்.

"பித்தளைத் தட்டுல வழிச்சதும்மா அது, செல்லுல ஊத்தினா எல்லாம் செத்துப் பூடும். அப்பவே தெரியும். ஆனா உங்கப்பாவ பாத்தேன், ஏந்தின கைய எறக்கவே இல்ல. அத எப்படி கீழ ஊத்தறது? நான் லேப விட்டு வர்ற வரைக்கும் ஃப்ரீசர்லதான் இருந்துச்சு."

அப்பா இன்றும் தெருவில் சொல்லிக்கொண்டிருக்கிறார். "அந்தப் பொண்ணு டாக்டர் பட்டம் வாங்கினதுல பாதி மருந்து என் தட்டுல போனது."

"ஆமாப்பா" என்றுதான் நானும் சொல்கிறேன்.