கொதித்தும் போகாத ஈயம்

1

எங்கள் ஆய்வகத்தின் சாம்பிள் கவுண்டரில் மீன் துள்ளியதை அன்றுதான் பார்த்தேன். அம்பத்தூர் எஸ்டேட்டில் இருபத்தாறு வருடமாக அனலிஸ்டாக இருப்பவள் நான். போர் தண்ணீர், கம்பெனிக் கழிவுநீர், மசாலாத் தூள் எல்லாம் வரும். உயிரோடு எதுவும் வந்ததில்லை.

கொண்டுவந்தவர் ஏழுமலை. கூவத்தில் வலை வீசி ஜிலேபி மீன் பிடித்து, முகப்பேரில் ஃப்ளாட்டுகளுக்கு வெளியே விற்பவர்.

"ஆத்து மீனான்னு மூஞ்ச சுளிக்கிறாங்கோ மேடம். நல்ல மீனுன்னு ஒரு ரிப்போர்ட் குடு. அத்த காட்டி வித்துக்கிறேன்."

"உங்க வீட்ல சாப்பிடுவீங்களா?"

"இன்னா மேடம் இப்டி கேட்டுட்ட? எம் பொண்ணு மாசமா கீறா. தெனிக்கும் மீன் கொயம்புதான். சத்தாச்சே!"

சிரித்துக்கொண்டே சாம்பிள் நம்பர் போட்டேன்.

2

சதையை மட்டும் பார்த்தால் போதும். எனக்கு ஆசை விடவில்லை. செவுளையும் ஈரலையும் தனித்தனியாக எடுத்து, நைட்ரிக் ஆசிட்டில் சூடாக்கிக் கரைத்து, உலோகம் அளக்கும் ஏ.ஏ.எஸ். மெஷினில் கொடுத்தேன். சதையிலேயே ஈயம் லிமிட்டைத் தாண்டியிருந்தது. ஈரலில் அதைவிடப் பல மடங்கு.

எங்கள் சீஃப் கெமிஸ்ட் கையெழுத்துப் போடும்போது சொன்னார்: "நம்பர மட்டும் குடுங்க. சாப்பிடலாமா வேணாமான்னு சொல்றது நம்ம வேலை இல்ல."

ஐந்தாம் நாள் வந்த ஏழுமலை, ரிப்போர்ட்டை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார்.

"நம்பரு கெடக்கட்டும் மேடம். துன்லாமா, கூடாதா?"

அத்தனை வருடத்தில் யாரும் என்னிடம் அப்படி நேராகக் கேட்டதில்லை.

"கூடாது. ஈயம் நிறைய இருக்கு. வயித்துல இருக்கிற குழந்தையோட மூளை வளர்ச்சியையே அது பாதிக்கும்."

"நல்லா கொதிக்க வெச்சா பூடாது?"

போகாது என்று படித்திருந்தேன். ஆனால் நானே அளந்து பார்த்ததில்லை. "ஒரே மீன்ல பாதியைப் பச்சையா கொண்டு வாங்க, பாதியைக் குழம்பு வைங்க. மீன் போடறதுக்கு முன்னாடி ஒரு கரண்டி குழம்பைத் தனியா எடுத்துடுங்க. யாரும் சாப்பிட வேணாம்" என்றேன். புளியிலோ சட்டியிலோ ஈயம் இருந்தால், பழி மீன்மேல் விழக்கூடாதே.

3

மீன் போடாத குழம்பில் ஈயம் இல்லை என்றே சொல்லலாம். வெந்த துண்டில், கிராமுக்குக் கிராம் பார்த்தால், பச்சை மீனைவிடக் கூடுதலாகவே இருந்தது. வேகும்போது சதையிலிருந்த தண்ணீர்தான் வெளியேறியிருக்கிறது. ஈயம் உள்ளேயே தங்கிவிட்டது.

ஏழுமலை ரிப்போர்ட்டை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "அப்ப கிருமிதான் சாவும். இது சாவாது" என்றார் மெதுவாக.

அரசு மருத்துவமனை டாக்டருக்கு ஒரு கடிதம் எழுதி, ரிப்போர்ட்டோடு அனுப்பினேன். ஏழுமலை மகளின் ரத்தத்திலும் ஈயம் இருந்தது. மீனை நிறுத்தச் சொல்லி, பிரசவம் வரை டாக்டர்கள் கவனித்துக்கொண்டார்கள். பெண் குழந்தை பிறந்தது. "நல்லாத்தான் கீது. ஆனா அடிக்கடி கொண்டாந்து காட்ட சொல்லிக்கிறாங்கோ" என்று போனில் சொன்னார்.

பிறகு ஒருநாள் முகப்பேரில் அவரைப் பார்த்தேன். பெட்டியில் ஐஸ் போட்ட கடல் மீன். ஒரு பெண்மணி, "உயிர் ஜிலேபி இல்லையா?" என்று கேட்டார்.

"எம் பொண்ணுக்கு வாணாம்னு கொட்னத உனுக்கு எப்டிக்கா விப்பேன்?" என்றார் ஏழுமலை.

எனக்குச் சுருக்கென்றது. மகள் மாசமாக இருக்கிறாள் என்று அவர் சொன்ன முதல் நாளே, "ரிசல்ட் வரும் வரை நிறுத்தி வையுங்கள்" என்று நான் சொல்லியிருக்கலாம். கூவத்து மீன் என்றதுமே சந்தேகம் வந்தும், மெஷின் சொல்லட்டும் என்று இருந்துவிட்டேன். அந்த ஐந்து நாளும் அவள் அதே குழம்பைச் சாப்பிட்டிருக்கிறாள்.

ஆய்வகத்துக்குப் புதிதாக வருகிறவர்களிடம் நான் சொல்வது இதுதான்: சந்தேகம் வந்த அன்றே வாயைத் திறந்து சொல்லிவிடுங்கள். நம்பர் பின்னால் வரட்டும்.