ஒரு லீற்றர் தண்ணீர்

ஈர விறகில் கொதிக்கவைத்து ஆறவிட்ட தண்ணீருக்கு ஒரு புகை மணம் உண்டு. யாழ்ப்பாணத்திலிருந்து இடம்பெயர்ந்து மல்லாவிக்கு அருகே காட்டோரக் கொட்டிலொன்றில் நாங்கள் இருந்த மாரியில், ஒரு வயதுகூட ஆகாத தம்பிக்கு வயிற்றோட்டம் கண்டது. கண்கள் உள்ளே போய்விட்டன. அழுதாலும் கண்ணீர் வரவில்லை. ஆஸ்பத்திரியில் நெடுநேரம் வரிசையில் நின்று அப்பா கொண்டுவந்தது உப்பும் சீனியும் கலந்த ஒரேயொரு மருந்துப் பொட்டலம். அதை ஒரு லீற்றர் தண்ணீரில் கரைக்கவேண்டும் என்று சொல்லி விட்டிருந்தார்கள்.

எங்கள் வீட்டில் மண்ணெண்ணெய், தேங்காயெண்ணெய், பால் எல்லாமே "போத்தல்" கணக்குத்தான். அம்மா கழுவிய சாராயப் போத்தலொன்றில் தண்ணீர் நிரப்பிச் சட்டியில் ஊற்றிவிட்டுப் பொட்டலத்தைக் கிழிக்கப்போனபோது, பக்கத்துக் கொட்டில் றீற்றா மாமி எட்டிப் பார்த்தார். முல்லைத்தீவுக் கரையில் மீன்பிடித்த குடும்பம் அவர்களுடையது.

"பொறு பிள்ளை. அது லீற்றர் இல்லை."

"போத்தல் நிறைய விட்டனான் அக்கா."

"எங்கடை வள்ளத்து எஞ்சின் எண்ணெய்க் கானுக்கு நாலு போத்தல் விட்டால்தான் மூண்டு லீற்றர். இது முக்கால்."

அம்மாவுக்கு மனம் வரவில்லை. "தண்ணி கூடினால் மருந்து வலுவில்லாமல் போயிடும். கடுமையாக் குடுத்தால் கெதியா நிக்குமெல்லே?"

"உப்புக் கூடினால் பிள்ளை இன்னும் காயும். கடல்தண்ணி குடிச்சு விடாய் அடங்கினவனை எங்கையேன் கண்டனியே?"

அம்மா பொட்டலத்தைக் கீழே வைத்தார். மாமி இன்னொரு போத்தல் தண்ணீரை ஒரே அளவான மூன்று வெற்று ரின்பால் தகரப் பேணிகளில் ஊற்றி, கண்ணை விளிம்போடு வைத்துப் பார்த்து, கரண்டியால் அதிலிருந்து இதற்கு மாற்றி மாற்றி மூன்றையும் சமன் செய்தார். பிறகு ஒரு பேணித் தண்ணீரை மட்டும் சட்டியில் சேர்த்தார்.

"இப்பக் கிழி."

தம்பியை மடியில் வைத்துக் கரண்டி கரண்டியாக அவரே பருக்கினார். வாந்தியெடுத்தால் சற்றுப் பொறுத்து மீண்டும் பருக்கினார். மறுநாள் மத்தியானம் அவருடைய சட்டை நனைந்தது. "துரை மூத்திரம் பெய்யிறார்" என்று மாமி சிரித்தார். அம்மா அப்போதுதான் அழுதார்.

இன்று அந்த இடத்தில் கொட்டில்களும் இல்லை, காடும் இல்லை. போரின் கடைசி இடப்பெயர்வுக்குப் பிறகு மாமி குடும்பத்தைப் பற்றிக் கரைப்பக்கம் விசாரித்தேன். தெரிந்தவர் ஒருவரும் இல்லை. தம்பி இப்போது என்னைவிட உயரம். அவனுக்குப் பருக்கியவர் இவர்தான் என்று காட்ட என்னிடம் ஒரு படம்கூட இல்லை.