துருத் தட்டிய ஆற்றங்கரை

வேலை முடிந்து பஸ்ஸை விட்டு இறங்கினால், அடுக்குமாடி கேட்டுக்குச் சிவப்புச் சாயம் அடித்துக்கொண்டிருக்கிறார்கள்; அந்த நெடி என்னை, இன்று கார்கள் நிற்கும் சுங்கை பினாங் ஆற்றங்கரையில் அன்றிருந்த கப்பல் பட்டறைக்கே இழுத்துப் போய்விடுகிறது. கட்டைகளை முட்டுக்கொடுத்துச் சேற்றில் நிறுத்திய இரும்புச் சரக்குப் படகுகளுக்குள் குந்தி, அப்பா நாளெல்லாம் சுத்தியலால் துருத் தட்டுவார்; அந்தச் சத்தத்திலேயே அவர் காது போய்விட, வீட்டில் நாங்கள் கத்தித்தான் பேசுவோம்.

ஒருநாள் அம்மாவும் நானும் சோறு கொண்டுபோனபோது, ஒரு கட்டை நழுவிப் படகு சாயத் தொடங்கியது. எல்லோரும் வெளியே ஓடிவந்தார்கள். உள்ளே ஒரு சுத்தியல் மட்டும் தட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணே, வெளிய வாங்க!"

"அவருக்குக் காது கேக்காது லா!"

அம்மா கத்தவில்லை. சேலையைச் செருகிக்கொண்டு உள்ளே நுழைந்து, அப்பாவின் கையைப் பிடித்து இழுத்து வந்தாள். அவர்கள் பின்னால் படகு சேற்றில் சரிந்து விழுந்தது.

மறுநாளும் அப்பா வேலைக்குப் போனார். அம்மாவும் ஒரு சுத்தியலோடு அவர் பக்கத்தில் போய்க் குந்தினாள்.

"யாராச்சும் கூப்பிட்டா எனக்காவது கேக்கும்ல," என்றாள்.

பல வருஷம் கழித்துப் பட்டறையை மூடியபோது அவளுக்கும் காது கேட்கவில்லை.