பைப் தண்ணீர்

பள்ளிக்கூடத்தின் பின்பக்கத்துச் சீமெந்துத் தொட்டியில் எட்டாம் தரத்துப் பிள்ளைகளோடு திலாப்பியா வளர்த்தேன். மீனின் செவுளைப் பார்த்துச் சுவாசம் படித்தார்கள். வாராவாரம் நீளம் அளந்து வரைபு கீறினார்கள். மீன் செத்தால் தொட்டியை மண் போட்டு நிரப்பிவிடுவேன் என்று அதிபர் முதலிலேயே சொல்லியிருந்தார். நான் யோசிக்காமல் சம்மதித்தேன். எங்கள் வீட்டில் படித்த முதல் ஆள் நான். நான் வளர்க்கும் மீன் சாகும் என்று எனக்குத் தோன்றவேயில்லை.

வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து தொட்டியைப் பார்க்க வருவதாக இருந்தது. அதற்கு முதல் நாள் பின்னேரம் நீர் குறைந்திருந்தது. பிள்ளைகளிடம் நிரப்பிவிட்டுப் போகச் சொல்லிவிட்டு நான் கூட்டத்துக்குப் போனேன். எப்போதும் கிணற்று நீர்தான் ஊற்றுவோம்.

காலையில் எல்லா மீனும் வயிறு தெரிய மிதந்தன.

"கிணத்துத் தண்ணி உப்பு, கலங்கல். ஆக்கள் வாற நாள்தானே டீச்சர். அதான் பைப் தண்ணி ஊத்தினோம்" என்றாள் ஒருத்தி. அவளுடைய உம்மா அன்று பின்னேரம் குடிக்கப் பிடித்த குடங்களையெல்லாம் தூக்கிக் கொடுத்திருக்கிறார்.

எங்கள் ஊரில் பைப்பில் ஒருநாள் விட்டு ஒருநாள்தான் தண்ணீர் வரும். வீட்டுக்கு யார் வந்தாலும் முதலில் கொடுப்பது அதைத்தான். மீனுக்கும் அப்படியே கொடுத்திருக்கிறார்கள். அதிலுள்ள குளோரின் மீனைக் கொல்லும் என்றும், ஒரு நாள் திறந்து வைத்தால் போய்விடும் என்றும் நான் பரீட்சையில் எழுதிப் புள்ளி வாங்கியிருக்கிறேன். வகுப்பில் சொல்லவில்லை.

யார் ஊற்றியது என்று அதிபர் கேட்டார்.

"நான்தான் சேர் ஊத்தச் சொன்னது."

"டீச்சருக்குமா தெரியாது?"

"தெரியும் சேர்."

அவர் சம்பவத் திரட்டுப் புத்தகத்தை நீட்டினார். எழுதிக் கையெழுத்து வைத்தேன். வாப்பா இன்னும் கைநாட்டுத்தான் வைக்கிறார். என் கையெழுத்தை எங்கே பார்த்தாலும் எனக்கு ஒரு சந்தோஷம் வரும். அன்று மை காயும்வரை பார்த்துக்கொண்டிருந்தேன், ஒன்றும் வரவில்லை.

வருவதாக இருந்தவர்களை வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள். இரண்டு நாள் கழித்து எட்டாம் தரமே மண் அள்ளிப் போட்டது. நான் பக்கத்தில் நின்றேன்.

கடைசியில் அந்தப் பிள்ளை கை மண்ணைத் தட்டிக்கொண்டு வந்தாள். "உம்மா மீன் எப்பிடியெண்டு கேக்குறா டீச்சர். என்ன சொல்ற?"

"டீச்சர் சொல்லித்தான் ஊத்தினதெண்டு சொல்லு."



"டீச்சர் ஒண்டும் சொல்லல்லயே" என்றாள்.