வெடிக்காத ஒரு தோட்டா

என் மேசை இழுப்பறையில் ஒரு தோட்டா கிடக்கிறது. சுண்டுவிரல் தடிமன்கூட இருக்காது. மருந்தெல்லாம் நீக்கியாகிவிட்டது, இனி எதற்கும் ஆகாத வெறும் பித்தளை. அதன் அடிப்பக்கத்தைத் திருப்பிப் பார்த்தால் நடுவில் கொசு கடித்தது போல ஒரு சின்னத் தடம் தெரியும். துப்பாக்கிக்குள் இருக்கும் ஊசி வந்து தட்டிய இடம் அது. நன்றாகத் தட்டியிருந்தால் பள்ளம் ஆழமாக விழுந்து தோட்டா வெடித்திருக்கும். தட்டியும் தட்டாமலும் நின்றுபோனதால் முழுசாகக் கிடக்கிறது. முப்பது வருடத்துக்கு மேலாகக் கோயம்புத்தூரில் துப்பாக்கி பழுது பார்க்கிறவன் நான். என் கை செய்த பெரிய தப்புக்கு இதுதான் சாட்சி. கடைக்கு வருகிறவர்கள் "இது என்னங்க பாய்?" என்று கேட்டால் கையில் கொடுத்துப் பார்க்கச் சொல்வேன். கதையைச் சொல்லாமல் யாரையும் அனுப்பியதில்லை.

எங்கள் கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் தோட்டக்காரர்கள். காட்டுப்பன்றி விரட்ட உரிமம் வாங்கிய ஒற்றைக்குழல், இரட்டைக்குழல் துப்பாக்கிகளை வருடத்துக்கு ஒரு முறை துடைக்கக் கொண்டுவருவார்கள். அப்புறம் வங்கிக் காவலாளிகள். இடுப்பில் மறைத்து வைத்துக்கொள்ளும் பிஸ்டல் கேட்டு வருகிறவர் அபூர்வம். அப்படி வருகிறவர்களிலும் பாதிப் பேர் மறைத்து வைக்க வருவதில்லை, கல்யாண மண்டபத்தில் சட்டையைக் கொஞ்சம் தூக்கி நாலு பேருக்குக் காட்டத்தான் வருவார்கள். அந்தக் கடைக்குள் ஒரு நாள் நண்பகலில் பருத்திச் சேலையும் கையில் குடையுமாக ஒரு பெண் வந்து நின்றபோது, முகவரி கேட்க வந்திருக்கிறார் என்றுதான் நினைத்தேன். அவர் உரிமத்தை எடுத்து மேசைமேல் வைத்தார். எங்கள் பக்கத்துத் தாலுகாவுக்குப் புதிதாக வந்திருந்த தாசில்தார் அம்மா.

அவர் வந்ததிலிருந்து மலையடிவாரத்தில் அனுமதியில்லாமல் கல் வெட்டுகிற குவாரிகளை ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார். ஒன்று மட்டும் மூடவில்லை. அதைத் தடுக்கப் போன கிராம உதவியாளரின் காலில் லாரியை ஏற்றிவிட்டார்கள், விபத்து என்று சொல்லிவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் தாசில்தார் அம்மாவின் வீட்டு வாசலில், கோலத்தின்மேல், செத்தவர்களுக்குக் கல் நிறுத்துவது போல ஒரு கருங்கல்லை வைத்து அதற்குச் சம்பங்கி மாலை போட்டிருந்தார்கள். துணைக்கு ஒரு போலீஸ்காரரைச் சில நாள் அனுப்பினார்கள், பிறகு அவரும் வேறு வேலைக்குப் போய்விட்டார். இதையெல்லாம் அம்மா ஏதோ அலுவலகக் கடிதத்தைப் படிப்பது போலச் சொன்னார். குரலில் நடுக்கமில்லை, ஆனால் குடையின் கைப்பிடியை விடாமல் திருகிக்கொண்டே இருந்தார். இவர் நாலு பேருக்குக் காட்டத் துப்பாக்கி வாங்க வரவில்லை, உயிருக்காக வந்திருக்கிறார் என்று எனக்கு அப்போதே புரிந்துவிட்டது.

கடையில் அப்போது விற்கிற நிலையில் மூன்று பிஸ்டல்கள் இருந்தன. ஒன்று எஸ்டேட்காரர் ஒருவர் விட்டுப்போன பழைய வெளிநாட்டுச் சரக்கு, கண்ணாடி போல மின்னும். இன்னொன்று உள்ளங்கைக்குள் அடங்கிவிடும் சின்னது. மூன்றாவது நம் நாட்டு அரசாங்கத் தொழிற்சாலையில் செய்தது, கறுப்பு, மொத்தை, அழகு என்று சொல்ல ஒன்றுமில்லை. என் முதலாளி கவுண்டர் நல்ல வியாபாரி, மின்னுகிறதை எடுத்து நீட்டினார். அம்மா வாங்கித் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. "சுட்டுப் பாத்துப்போட்டுத்தான் எடுப்பனுங்க" என்றார். அனுமதி வாங்கி மூன்றையும் சுடும் மைதானத்துக்கு எடுத்துப் போனோம். சின்னது அவர் கையில் துள்ளியது, குறி எங்கெங்கோ போனது. மின்னுகிறது பத்தொன்பது தோட்டாக்களை அருமையாகச் சுட்டது, இருபதாவதில் பாதி வழியில் சிக்கி நின்றது. "இருபதுக்கு ஒண்ணுதானுங்க அம்மணி, பழைய சாமான்னா அப்படித்தான்" என்றார் முதலாளி. அம்மா திரும்பி என்னைப் பார்த்துக் கேட்டது இன்றைக்கும் என் காதில் இருக்கிறது. "அந்த ஒண்ணு எந்தக் கெழமை வருமுன்னு மட்டும் சொல்லுங்க பாய். அன்னைக்கு நான் லீவு போட்டுக்கறேன்." கறுப்பு மொத்தை ஒரு முறைகூடச் சிக்கவில்லை. அதையே எடுத்தார்.

அடுத்த சிக்கல் சேலை. துப்பாக்கி உறைகள் எல்லாமே பேன்ட்டும் இடுப்புவாரும் போட்டவர்களுக்காகச் செய்தவை. கைப்பையில் வைத்துக்கொள்ளுங்கள் என்று நான்தான் யோசனை சொன்னேன். அம்மா தன் பையைத் திறந்து காட்டினார். சாவிக்கொத்து, கண்ணாடிக்கூடு, தலைவலி மாத்திரை, முத்திரை, மூன்று பேனா, பாதி தின்ற கடலை மிட்டாய். "இதுக்குள்ள கையை உட்டு நான் தேடி எடுக்கறதுக்குள்ள பதினாறாம் நாள் காரியமே முடிஞ்சிருமுங்க" என்றார். சிரித்துவிட்டேன், பிறகு சிரித்ததற்கு வெட்கப்பட்டேன். கடைசியில் உக்கடத்தில் எனக்குத் தெரிந்த ஒரு தோல் தைக்கிறவரிடம் சொல்லி, உள்பாவாடைக்கு மேல் கட்டுகிற மாதிரி அகலமான வாரும், பிஸ்டலின் விசையை முழுக்க மூடுகிற கெட்டியான உறையும் தைத்து வாங்கினோம். அதைக் கட்டிக்கொண்டு ஜீப்பில் ஏறினார், இறங்கினார், தரையில் உட்கார்ந்து எழுந்தார், குனிந்து கையெழுத்துப் போட்டுப் பார்த்தார். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு முன்னும் பின்னும் நடந்து, "தெரியுதுங்களா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். தெரியவில்லை என்று நான் சத்தியம் செய்த பிறகுதான் விட்டார். வெளியே தெரிந்தால் அதற்குப் பெயர் பாதுகாப்பு அல்ல, வம்பு என்பது அவர் கட்சி. காலி பிஸ்டலோடு வீட்டில் தினமும் பழகியிருக்கிறார். சுடுகிற பழக்கத்தைவிட எடுக்காமல் இருக்கிற பழக்கம்தான் கஷ்டம் என்று ஒரு முறை சொன்னார்.

இந்த நேரத்தில் உள்ளாட்சித் தேர்தல் வந்தது. தேர்தல் அறிவித்துவிட்டால் உரிமம் உள்ளவர்கள் துப்பாக்கியைக் காவல் நிலையத்திலோ கடையிலோ ஒப்படைக்க வேண்டும். தாசில்தார் என்று சொல்லி விலக்குக் கேட்டிருக்கலாம். அம்மா முதல் ஆளாக எங்கள் கடையில் கொண்டுவந்து கொடுத்துவிட்டு, தேர்தல் வேலை பார்க்கப் போய்விட்டார். அந்த நாட்களுக்குள்தான் ஆயுத பூஜை வந்தது. எங்கள் கடையில் அது பெரிய திருநாள். துப்பாக்கிகளையும் என் ரம்பம், அரம், குறடுகளையும் துடைத்து வரிசையாக வைப்போம். முதலாளிக்குக் கை நடுக்கம் வந்ததிலிருந்து, "இத்தனையும் நீ தொடற சாமான், நீயே வெய்யி பாய்" என்று சந்தனக் கிண்ணத்தை என்னிடம் கொடுத்துவிடுவார். சந்தனம் எனக்கும் அந்நியமில்லை, எங்கள் தர்காவில் சந்தனக்கூடு பார்த்து வளர்ந்தவன்தான். பல வருடமாக நீளத் துப்பாக்கிகளின் மரக்கட்டையில் பொட்டு வைத்து வருகிறேன், அதற்கெல்லாம் ஒன்றும் ஆனதில்லை. அந்த வருடம் வரிசையில் தாசில்தார் அம்மாவின் பிஸ்டலும் இருந்தது. அதற்கு மரக்கட்டை கிடையாது. எங்கே வைப்பது என்று யோசித்தேன். அதன் பின்பக்கம் சின்ன நெற்றி போல இருந்தது. குளிரக் குளிர ஒரு பெரிய பொட்டாகவே வைத்தேன், நடுவில் குங்குமமும் வைத்தேன். அந்த அம்மாவுக்கு ஒன்றும் ஆகிவிடக் கூடாது என்று மனதுக்குள் துவாவும் கேட்டுக்கொண்டேன். மறுநாள் மேலே துடைத்து, எண்ணெய் பூசி, துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்துவிட்டேன்.

அந்த நெற்றியின் நடுவில்தான் ஊசி போய் வருகிற துளை இருக்கிறது. எனக்குத் தெரியாதா? கண்ணை மூடிக்கொண்டு அந்தப் பிஸ்டலைக் கழற்றி மாட்டுகிறவன் நான். ஆனால் பொட்டு வைக்கிறபோது எவனும் மெக்கானிக்காக இருப்பதில்லை.

தேர்தல் முடிந்து, ஒரு சனிக்கிழமை காலையில் அம்மா வந்தார். திங்கட்கிழமை அந்தக் குவாரிக்குள் போகப் போவதாகச் சொன்னார். எல்லாரும் தேர்தல் வேலையில் இருந்த நாட்களில் அவர்கள் மலையை இரண்டு மடங்கு வெட்டித் தள்ளியிருந்தார்கள். பிஸ்டலைத் துணி பிரித்துக் கொடுத்தேன். அப்படியே உறையில் போட்டுக்கொண்டு போயிருக்கலாம், நானும் தைரியமாக அனுப்பியிருப்பேன். "ஏனுங்க பாய், மைதானம் வரைக்கும் வாரீங்களா? இத்தன நாள் சும்மா கெடந்திருக்குது" என்றார். எனக்குக் கொஞ்சம் கோபம்கூட வந்தது. என் கையில் இருந்த பொருளையே சந்தேகப்படுகிறாரே என்று முணுமுணுத்துக்கொண்டுதான் போனேன்.

அம்மா நின்று, குறி பார்த்து, விசையை இழுத்தார். டிக் என்ற சத்தம் மட்டும் வந்தது. அவர் பிஸ்டலைக் குறிப்பலகையை விட்டு அசைக்கவில்லை, தாமதமாக வெடித்தாலும் வெடிக்கும் என்று அப்படியே சற்று நேரம் நின்றார். பிறகு தோட்டாவை வெளியேற்றி, பிஸ்டலைக் காலி செய்து மேசைமேல் வைத்துவிட்டு, "பாய்" என்று மட்டும் கூப்பிட்டார். கழற்றினேன். எண்ணெய் வாடையோடு சந்தன வாசனை வந்தது. ஊசி போகிற துளைக்குள் மஞ்சளாகப் பசை போல இறுகியிருந்தது. திங்கட்கிழமை இவர் அதை எடுக்க வேண்டி வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற நினைப்பு வந்ததும் அழுகை பொங்கிவிட்டது. ஐம்பது வயசு ஆள், மைதானத்தில் நாலு பேர் பார்க்க அழுதேன். "நாந்தானுங்க மேடம், பூசைக்குப் பொட்டு வெச்சேன்" என்றேன். "எங்கீங்க வெச்சீங்க?" என்றார். "நெத்தியிலிங்க." அம்மா என்னை ஒரு கணம் பார்த்தார். பிறகு சிரிக்க ஆரம்பித்தார், பெஞ்சில் உட்கார்ந்து முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொள்ளும்வரை சிரித்தார். "சரி, சுத்தம் பண்ணுங்க. நான் இங்கயே உக்காந்திருக்கறேன்" என்றார்.

ஊசியை உருவி, ஸ்பிரிங்கைக் கழுவி, துளையை மூன்று முறை துடைத்து மாட்டினேன். என் வாழ்நாளில் அவ்வளவு கவனமாக எதையும் செய்ததில்லை. வருடத்துக்கு இத்தனை தோட்டா என்று உரிமத்தில் அளவு உண்டு. திங்கட்கிழமைக்கு வேண்டியதை ஒதுக்கிவிட்டு, மீதி இருந்த அத்தனையையும் அம்மா அங்கேயே சுட்டார். ஒன்றும் நிற்கவில்லை. அப்படியும் எனக்கு மனம் ஆறவில்லை. வேறு பிஸ்டல் ஏற்பாடு செய்கிறேன், இதைக் கொண்டுபோக வேண்டாம் என்று கெஞ்சினேன். "வேற ஒண்ணா? அதுல எங்க பொட்டு வெச்சிருக்கீங்கன்னு நான் எங்கீங்க போயித் தேடறது?" என்றார். வெடிக்காத தோட்டாவை என்னிடமே விட்டுவிட்டு, பிஸ்டலை உறையில் போட்டு, முந்தானையைச் செருகிக்கொண்டு ஜீப்பில் ஏறினார்.

திங்கட்கிழமை எனக்கு வேலை ஓடவில்லை. ஒரே திருகாணியை நாலு முறை தவறவிட்டேன். மதியத் தொழுகைக்குப் போய்விட்டு வந்து கடையில் உட்கார்ந்திருந்தபோது, சாலையில் பெரிய இரைச்சல் கேட்டது. வெளியே ஓடினேன். முன்னால் தாலுகா ஜீப் வந்தது. அதன் பின்னால் கல் ஏற்றிய லாரிகள், ஒன்றன்பின் ஒன்றாக, ஒவ்வொன்றிலும் ஓட்டுநருக்குப் பக்கத்தில் ஒரு போலீஸ்காரர். ஒன்பது லாரிகள் எண்ணினேன், அவற்றின் பின்னால் மண் வாரும் இயந்திரம் ஒன்று தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு வந்தது. என் முதலாளி செருப்பில்லாமல் நடுச்சாலைக்கே போய்விட்டார். பேக்கரிக்காரர், பேருந்துக்கு நின்றவர்கள் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள், யாரோ விசில் அடித்தார்கள். நான் கையைத் தூக்கி, தெரிந்த எல்லாப் புகழையும் இறைவனுக்குச் சொல்லிக் கத்தினேன். ஜீப் எங்கள் கடைமுன் கொஞ்சம் வேகம் குறைந்தது. அம்மாவின் சேலை முழுக்கக் கல்தூசி. முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

நடந்ததை அவருடைய டிரைவர் பிறகு சொன்னார். போலீஸ் வந்து சேர்வதற்கு முன்பே குவாரி ஆட்கள் இருபது முப்பது பேர் அம்மாவைச் சூழ்ந்துகொண்டார்களாம். மண் வாரும் இயந்திரத்தின் இரும்பு வாளியை அவர் தலைக்கு நேராக உயர்த்தி நிறுத்தினார்களாம். அம்மா வலது கையை இடுப்பில் வைத்துக்கொண்டு, வண்டி எண்களை ஒவ்வொன்றாகச் சத்தமாகப் படிக்க, பக்கத்தில் நின்ற வருவாய் ஆய்வாளர் நடுங்கிக்கொண்டே எழுதினாராம். கடைசி எண் வரைக்கும் அம்மா குரல் ஒரே மட்டத்தில் இருந்ததாம். அந்தக் குவாரி அதோடு மூடியதுதான், இன்றுவரை திறக்கவில்லை.

அன்று சாயங்காலம் அம்மா கைப்பேசியில் அழைத்தார். "பாய், அதை எடுக்கவே இல்லைங்க" என்றார். "எடுத்திருந்தா சுட்டிருக்குமுங்களா?" என்று கேட்டார். "சத்தியமாச் சுட்டிருக்குமுங்க மேடம்" என்றேன். "எனக்கும் தெரியுமுங்க. அது தெரிஞ்சுதான் கொரல் நடுங்காம நின்னேன்" என்றார்.

வருடங்கள் ஓடிவிட்டன. முதலாளியின் மகள்தான் இப்போது கடையைப் பார்க்கிறார். கணபதியிலிருந்தும் பீளமேட்டிலிருந்தும் வருகிற இளவட்டங்கள் கைப்பேசியில் படம் காட்டி, இது இருக்கிறதா, அது இருக்கிறதா என்று கேட்கிறார்கள். நான் இழுப்பறையைத் திறந்து தோட்டாவைக் கையில் கொடுக்கிறேன். ஆயுத பூஜையன்று இப்போது துப்பாக்கிகளின் பெட்டிக்குத்தான் பொட்டு, துப்பாக்கிக்குக் கிடையாது. போன வருடம் பூஜைக்கு, பதவி உயர்ந்து வேறு மாவட்டத்துக்குப் போய்விட்ட அம்மா சொல்லாமல் கொள்ளாமல் வந்து நின்றார். தலை நன்றாக நரைத்திருந்தது. நான் பெட்டிகளுக்கு மட்டும் பொட்டு வைப்பதைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "அதை எடுங்க பாய்" என்றார். இழுப்பறையிலிருந்து தோட்டாவை எடுத்து மேசைமேல் வைத்தேன். அம்மா சந்தனக் கிண்ணத்தில் விரலைத் தோய்த்தார். "அன்னைக்கு இது வெடிச்சிருந்தா, பூசை போட்டது நல்லதுன்னு நெனச்சுட்டு அப்படியே போயிருப்பேன். ரெண்டாவது அங்க குவாரியில வெச்சு வெடிக்காம இருந்திருந்தா?" என்று சொல்லிக்கொண்டே, ஊசி தட்டிய அந்தச் சின்னத் தடத்தின்மேல் ஒரு பொட்டு வைத்தார். நான் இன்னும் அதைத் துடைக்கவில்லை.